காட்டு வாத்தும் கால் வளையமும்: மலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் குளிர்காலப் பறவை நடைகளுக்கு வருபவர்களும், பள்ளி மாணவர்களும், தேயிலைத் தோட்டத்து மேஸ்திரிகளும் பறவை வளையமிடல் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் வரித்தலை வாத்தைச் சுற்றியே வருகின்றன. மைசூர்ப் பக்கத்து ஏரிகளுக்கும் திருநெல்வேலி கூந்தன்குளத்துக்கும் போய்வந்தவர்கள் பார்த்துவிட்டு வந்து கேட்பது அந்தப் பறவையைப் பற்றித்தான்.

பறவை காலுக்கு எதுக்கு சார் வளையம்? அதுல என்னதான் எழுதியிருக்கும்?

ஒரு வாத்துக் கூட்டத்தில் ஒன்றை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய நமக்கு வழியில்லை. போன ஆண்டு வந்த அதே வாத்துதான் இந்த ஆண்டும் வந்திருக்கிறதா, எங்கிருந்து வந்தது, எத்தனை ஆண்டுகளாக வாழ்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டுமானால், அந்தத் தனிப்பறவைக்கு ஓர் அடையாளம் வேண்டும். மெல்லிய உலோக வளையத்தில் ஒரு தொடர் எண்ணும், வளையத்தைக் கண்டெடுப்பவர் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற முகவரிக் குறிப்பும் பொறித்திருக்கும். அவ்வளவுதான். பறவையின் இனம், வயது, பிடித்த இடம், நாள், எடை ஆகியவை எல்லாம் வளையத்தில் இருக்காது. அந்த எண்ணுக்கு நேரே வளையமிட்டவரின் பதிவேட்டில் இருக்கும்.

இதை ஒழுங்கான அறிவியல் முறையாக முதலில் செய்தவர் டென்மார்க்கில் விபோர் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் மோர்ட்டென்சன். அவர் முதலில் துத்தநாக வளையத்தை முயன்று, அது பறவைக்குக் கனமாக இருந்ததால் கைவிட்டார். 1899இல் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மைனா இனத்தைச் சேர்ந்த சோளக்குருவிகளுக்கு இட்டார். இந்தியாவில் இந்தப் பணி 1927இல் தார் சமஸ்தானத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் துணையோடு தொடங்கியது.

நம்ம ஊட்டி ஏரிக்கு இந்த வாத்து வருமா?

வராது என்று நினைத்துக்கொள்வதே நல்லது. வழி தவறி ஒன்றிரண்டு இறங்கினால் அது செய்தி. வரித்தலை வாத்து முக்கியமாகப் புல்லும் பயிரும் மேயும் பறவை. பகலில் ஆழமில்லாத, சுற்றிலும் வெட்டவெளியாக உள்ள ஏரியில் ஓய்வெடுத்துவிட்டு, இரவில் வயல்களுக்குப் போய் மேய்ந்து வரும். நம் பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி போன்றவை எல்லாம் மின்சாரத்துக்காகக் கட்டிய ஆழமான அணைகள். கரையோ செங்குத்து, சுற்றிலும் மரக்காடு. அதற்கு இங்கே வேலையில்லை.

ஆனால் தூரம் அதிகமில்லை. கூடலூர், முதுமலை வழியாகக் குண்டலுப்பேட்டை இறங்கி மைசூர் போகிறவர்கள், நஞ்சன்கூடு பக்கத்து ஹதினாரு ஏரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்த வாத்துகளைப் பார்க்கலாம். வெளிர் சாம்பல் உடல், வெள்ளைத் தலை, தலையின் பின்புறம் குறுக்கே இரண்டு கருப்புப் பட்டைகள், மஞ்சள் கால். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மங்கோலியா, திபெத், சிங்ஹாய், கிர்கிஸ்தான், நம் லடாக் ஆகிய இடங்களின் உயரமான ஏரிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு மட்டும் இங்கே வருகின்றன.

அவ்வளவு பெரிய பறவை, கிட்டப் போனாலே பறந்துடும். எப்படிப் பிடிச்சு வளையம் போடுறாங்க?

இதற்கு வாத்துகளின் உடலே ஒரு வழி வைத்திருக்கிறது. பெரும்பாலான பறவைகள் இறக்கைச் சிறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். வாத்துகளோ பறப்பதற்கான பெருஞ்சிறகுகளை ஒரே சமயத்தில் உதிர்த்துவிடுகின்றன. குஞ்சு வளர்க்கும் கோடைக்காலத்தில் மூன்று, நான்கு வாரங்களுக்கு அவற்றால் பறக்கவே முடியாது. அந்த நாட்களில் படகிலும் நடந்தும் சென்று மெல்ல ஓட்டி, வலைப்பட்டிக்குள் கொண்டுவந்து அடைத்து, தாய், தகப்பன், குஞ்சு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வளையம் இடலாம். 1951இல் பீட்டர் ஸ்காட் குழுவினர் ஐஸ்லாந்தின் நடுமேட்டு நிலத்தில் இளஞ்சிவப்புக் கால் வாத்துகளைக் குதிரைகளில் சென்று இப்படி ஓட்டிப் பிடித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றுக்கு வளையமிட்டார்கள். அதே மேட்டில், பழங்காலத்தவர் வாத்துகளை இறைச்சிக்காக ஓட்டி அடைத்த கல்பட்டிகளின் மிச்சம் கிடந்ததையும் அவர்கள் கண்டார்கள். வேட்டைக்காரன் கண்டுபிடித்த உத்தியைத்தான் ஆய்வாளன் கடன் வாங்கியிருக்கிறான்.

குளிர்காலத்தில் நம் நாட்டில் அவை நன்றாகப் பறக்கும் நிலையில் இருப்பதால் இந்த முறை உதவாது. வலையை மடித்து மறைத்து வைத்துச் சிறு வெடிவிசையால் மேய்ச்சல் கூட்டத்தின் மீது வீசுவது, காலில் சிக்கும் கண்ணிகளை அனுபவசாலிகளைக் கொண்டு வைப்பது என்று வேறு வழிகள் உள்ளன. இரண்டிலும் பிடிபடும் எண்ணிக்கை குறைவு. ஆகவே உலகில் வளையமிட்ட வாத்துகளில் பெரும்பங்கு அவற்றின் கோடைக்கால இருப்பிடத்தில் இடப்பட்டவை.

வளையம் காலை உறுத்தாதா? வாயில்லா ஜீவனுக்குப் பாவம் இல்லையா?

வளையம் முழு வட்டமாக வருவதில்லை. வாய் திறந்த நிலையில் வரும். அந்த இனத்தின் கால் பருமனுக்கு ஏற்ற அளவைத் தேர்ந்து, அளவுக்கேற்ற துளையுள்ள தனிக் குறட்டால் இரு முனைகளும் இடைவெளியின்றிச் சேருமாறு அழுத்துவார்கள். முனைகளுக்கு இடையே நகக்கண் நுழையும் இடைவெளி இருந்தாலும் நூலோ புல்லோ மாட்டிக்கொள்ளும் என்பதால், விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்த பிறகே பறவையை விடுவார்கள். வளையம் காலில் தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் நகர வேண்டும், ஆனால் மூட்டைத் தாண்டக் கூடாது. இப்படி இட்ட வளையம் பறவைக்குத் தொந்தரவு தருவதில்லை என்பதை, பல பத்தாண்டுகள் அதோடு வாழ்ந்து குஞ்சு பொரித்த பறவைகளே காட்டுகின்றன.

பாவம் என்று கேட்பவர்களுடைய கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். தூரத்திலிருந்தே படிப்பதற்காகச் சில வாத்துகளின் கழுத்தில் இடும் பட்டைகளைப் பொறுத்தவரை அந்த ஐயத்துக்கு ஆதாரம் உண்டு: கடுங்குளிர் பகுதிகளில் பட்டையின் மேல் பனிக்கட்டி உறைந்து பறவையை வருத்தியதும், சில வாத்து இனங்களில் பட்டையிட்டவை மற்றவற்றைவிடக் குறைவாகப் பிழைத்ததும் பதிவாகியுள்ளன. எந்த இனத்துக்கு, எந்த நிலப்பகுதியில், எதை இடலாம் என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும் என்பதே இதில் உள்ள நியாயம்.

மைசூர்ப் பக்கம் ஒரு வாத்து கழுத்துல பச்சைப் பட்டையோட மேஞ்சுட்டு இருந்துச்சு. யாராவது வளர்க்கிறதா?

வளர்ப்பு வாத்து அன்று. மங்கோலியாவில் வரித்தலை வாத்துகளுக்கு இப்படிப் பச்சை நிறக் கழுத்துப் பட்டை இடுகிறார்கள். அப்படிப்பட்டவை கர்நாடக ஏரிகளில் பலமுறை காணப்பட்டுள்ளன. உலோக வளையத்தின் எண்ணைப் படிக்கப் பறவை கையில் இருக்க வேண்டும். பட்டையின் எழுத்தையோ கரையிலிருந்து தொலைநோக்கியால் படித்துவிடலாம். இதனால் ஒரே பறவையைப் பல ஆண்டுகள், பல ஊர்களில், பிடிக்காமலேயே பின்தொடர முடிகிறது.

படிக்கும்போது அவசரப்படாதீர்கள். வாத்து மேயும்போது தலை கீழே இருக்கும், பட்டை புல்லில் மறையும். நிமிர்ந்து பார்க்கும் ஒன்றிரண்டு நொடிகளில்தான் எழுத்து தெரியும். எட்டையும் ஆங்கில பி எழுத்தையும், பூஜ்யத்தையும் ஓ எழுத்தையும் குழப்பிக்கொள்வது சாதாரணம். கைப்பேசிப் படமானாலும் எடுத்துவிடுங்கள். பட்டை நிறம், எழுத்து நிறம், எழுத்து எந்த வரிசையில் உள்ளது, எந்தக் காலில் உலோக வளையம், கூட்டத்தில் எத்தனை, அருகிலேயே ஒட்டி மேய்ந்தவை எத்தனை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வி தேவையற்றதாகத் தோன்றும். ஆனால் வாத்துகள் நெடுங்காலம் ஒரே இணையோடு வாழ்பவை, குஞ்சுகள் முதல் பயணத்தைத் தாய் தகப்பனோடுதான் செய்கின்றன. எனவே பட்டையிட்ட பறவையை ஒட்டியே நிற்பவை பெரும்பாலும் அதன் குடும்பம்.

எஸ்டேட்டுல செத்துக் கிடந்த பறவை கால்ல வளையம் இருந்துச்சு. என்ன செய்யணும்?

முதலில் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையோ பிளாஸ்டிக் பையோ போட்டுக்கொண்டு, வளையத்தின் எல்லாப் பக்கமும் தெரியும்படி படம் எடுங்கள். எண் சுற்றி வருவதால் ஒரு படம் போதாது. எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் எழுதி, கண்ட நாள், இடம், பறவையின் நிலை ஆகியவற்றோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். வெளிநாட்டு வளையமாக இருந்தாலும் அவர்கள் வழியாக உரிய இடத்துக்குப் போய்ச் சேரும். எண் தேய்ந்திருந்தால் தூக்கிப் போட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத எண்ணையும் அமிலம் தடவி வெளிக்கொணர ஆய்வகத்தில் வழி உண்டு. உயிருள்ள பறவையின் வளையத்தை மட்டும் ஒருபோதும் கழற்றாதீர்கள். கழற்றிய அன்றோடு அந்தப் பறவையின் கதை முடிந்துவிடும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. என்னிடம் கொண்டுவரப்படும் வளையங்களில் பாதிக்கு மேல் பந்தயப் புறாவினுடையவை. வழி தவறி மலையேறி வந்து கூரையில் உட்கார்ந்துவிடும். புறா வளையத்துக்கு மூட்டுவாயே இருக்காது. குஞ்சாக இருக்கும்போது மாட்டிவிடும் முழு வட்டம் அது. ஆண்டும் சங்கத்தின் சுருக்கெழுத்தும் அதில் இருக்கும். ‘உளவுப் புறா’ என்று காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை.

வளையத்தை வெச்சு வயசை எப்படிச் சொல்றாங்க?

முதல் கேள்வியில் சொன்னதுபோல் வளையத்தில் பிறந்த தேதி இல்லை. குஞ்சாக இருக்கும்போது இட்டிருந்தால் வயதைத் துல்லியமாகச் சொல்லலாம். முதல் குளிர்காலத்தில் பிடித்தாலும் சொல்லலாம்: இளம் வரித்தலை வாத்துக்குத் தலையில் அந்த இரண்டு பட்டைகள் இன்னும் வந்திருக்காது; வால் சிறகின் நுனியும் முள்கரண்டி போல் வெட்டுப்பட்டிருக்கும். முழுதாக வளர்ந்த பிறகு பிடித்தால், ‘குறைந்தது இத்தனை ஆண்டு’ என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

இதற்குச் சிறந்த சான்று வாத்து அன்று, அல்பட்ராஸ் என்ற கடற்பறவை. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் வளையமிட்ட லேசான் அல்பட்ராஸ் ஒன்று, ‘விஸ்டம்’ என்று பெயர் பெற்று, 2024இன் இறுதியிலும் முட்டையிட்டது. வளையமிட்டபோதே அது முட்டையிடும் பருவத்தில் இருந்ததால் அப்போது அதற்குக் குறைந்தது 74 வயது என்றார்கள். உண்மை வயது யாருக்கும் தெரியாது. பழைய வளையம் தேயத் தேய அவ்வப்போது புதிய வளையம் மாற்றி, பதிவேட்டில் தொடர்ச்சி காத்ததால்தான் இவ்வளவாவது தெரிகிறது.

அப்போ காட்டு வாத்து எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?

இங்கே இரண்டு வெவ்வேறு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அதிகபட்சம் எவ்வளவு என்பது ஒன்று: கனடா வாத்து 33 ஆண்டும், இளஞ்சிவப்புக் கால் வாத்து 38 ஆண்டும் தாண்டி வாழ்ந்ததை வளையங்கள் காட்டியிருக்கின்றன. சாதாரணமாக எவ்வளவு என்பது மற்றொன்று. அதற்கு விடை மிகச் சிறியது.

ஒரு கணக்குக்காக, வளர்ந்த வாத்துகளில் ஆண்டுக்கு நூற்றுக்கு 85 பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நூறு வாத்துகளில் பத்தாண்டு கழித்து இருபதும், இருபது ஆண்டு கழித்து நான்கும்தான் மிஞ்சும். முப்பதாம் ஆண்டில் ஒன்று மிஞ்சினால் உண்டு. சராசரியாகப் பார்த்தால் ஒன்றுக்கு இன்னும் ஆறு ஆண்டு என்று வரும். பிழைப்பு வீதம் 85க்குப் பதில் 90 ஆனால் அந்தச் சராசரி பத்தை நெருங்கும். வேட்டையை ஒரு பருவம் நிறுத்தினாலோ ஓர் ஏரியைக் காத்தாலோ கூட்டத்தின் எண்ணிக்கையில் பெரிய மாறுதல் தெரிவது இதனால்தான். நூற்றுக்கு ஐந்து என்பது கேட்க அற்பம்.

பட்டை போட்ட வாத்து அடுத்த வருஷம் வரலைன்னா செத்துடுச்சுன்னுதானே அர்த்தம்?

அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. வராமைக்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: இறந்திருக்கலாம், வேறு ஏரிக்குப் போயிருக்கலாம், வந்தும் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கலாம், பட்டையோ வளையமோ கழன்று விழுந்திருக்கலாம். மூன்றாவதைப் பிரித்தெடுக்கும் கணித முறையை 1960களில் கார்மேக், ஜாலி, சீபர் என்ற மூவர் தனித்தனியே உருவாக்கினார்கள். அதன் அடிப்படைக் கருத்து எளிது. முதல் ஆண்டு கண்டு, இரண்டாம் ஆண்டு காணாமல், மூன்றாம் ஆண்டு மறுபடி கண்ட பறவை இரண்டாம் ஆண்டும் உயிரோடுதான் இருந்திருக்க வேண்டும், நாம்தான் தவறவிட்டோம். இப்படித் தவறவிட்டவற்றின் விகிதத்திலிருந்து, ஓர் ஆண்டில் உயிரோடுள்ள பறவையைக் காணும் வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கலாம். அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் பிழைப்பு வீதம் கிடைக்கும்.

நான்காவதற்கு, சில பறவைகளுக்கு இரண்டு அடையாளங்கள் இட்டு, ஒன்று மட்டும் எத்தனை முறை தொலைகிறது என்று பார்ப்பார்கள். இரண்டாவதான இடமாற்றத்தை இந்தக் கணக்கு மட்டும் தீர்க்காது. இன்னோர் ஏரியில் யாராவது பட்டையைப் படித்துச் சொல்ல வேண்டும். முந்தைய கேள்வியில் எண்களை ‘வைத்துக்கொள்வோம்’ என்று மட்டும் சொன்னதற்கு இதுவே காரணம். நல்ல பிழைப்பு வீதம் பெறுவதற்குப் பல ஊர்க் கண்கள் பல ஆண்டுகள் தேவை.

இப்போதான் சாட்டிலைட் இருக்கே, இன்னும் எதுக்கு இந்தப் பழைய வளையம்?

செயற்கைக்கோள் கருவி தருவதை வளையம் தராது என்பது உண்மை. வளையம் இரண்டு புள்ளிகளை மட்டுமே தரும். இட்ட இடமும் கண்ட இடமும். இடையில் பறவை எந்த வழியில் போனது என்பது நம் ஊகம். 2011இல் லூசி ஹாக்ஸ், சார்லஸ் பிஷப் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஒடிசாவின் சில்கா ஏரியிலும் நம் கூந்தன்குளத்திலும் பிடித்த வரித்தலை வாத்துகளின் முதுகில் கருவி பொருத்தியபோதுதான், இமயத்தின் தென்சரிவை அவை ஏழெட்டு மணி நேரத்தில் ஏறிக் கடக்கின்றன என்பதும், காற்று குளிர்ந்து அடர்ந்திருக்கும் இரவிலும் விடியற்காலையிலும் அதைச் செய்கின்றன என்பதும் தெரிந்தன.

ஆனால் கருவிக்கு விலை அதிகம், எடை அதிகம். உடல் எடையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்துக்கு மேல் சுமத்தக் கூடாது என்பது பொது விதி. இரண்டரை கிலோ வாத்து அதைத் தாங்கும், பத்து கிராம் கதிர்க்குருவி தாங்காது. கருவி சில ஆண்டுகளில் நின்றுவிடும். வளையம் பறவை உள்ளவரை இருக்கும். பயணத்தைக் கருவியிடமும் ஆயுளை வளையத்திடமும் கேட்பதே முறை.

எவரெஸ்டுக்கு மேலேயே பறக்கும்னு பாடத்துல படிச்சோமே?

கருவிகள் அதை உறுதி செய்யவில்லை. பதிவான அதிகபட்ச உயரம் சுமார் 7,290 மீட்டர், எவரெஸ்ட் 8,849. பெரும்பாலான பதிவுகள் 5,500 மீட்டருக்குக் கீழேயே உள்ளன. முடிந்தவரை கணவாய்களைப் பிடித்து, நிலத்தை ஒட்டி ஏறியும் இறங்கியும் போகின்றன. ஏறிய உயரத்தை இழந்துவிட்டு மறுபடி ஏறுவது வீண் என்று தோன்றினாலும், மெல்லிய காற்றில் தொடர்ந்து சிறகடிப்பதைவிட அது சிக்கனம் என்று பின்னர் இதயத்துடிப்பை அளந்து காட்டினார்கள். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்தால் 7,290 ஒன்றும் குறைவில்லை.

பறவைக் காய்ச்சலை இதுங்கதானே கொண்டு வருது? அதுக்குத்தானே வளையம் போடுறாங்க?

நோய்க்கும் வளையத்துக்கும் தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் விதத்தில் அன்று. 1957இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் குரங்குக் காய்ச்சல் வெளிப்பட்டது. அதே வகைக் கிருமி சைபீரியப் பக்கம் இருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணிகளோடு கொண்டுவந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, சாலிம் அலி முன்னின்று 1959இல் பெரிய அளவில் வளையமிடும் திட்டத்தைத் தொடங்கினார். கோடியக்கரை போன்ற இடங்களில் இன்றுவரை தொடரும் பணிக்கு அதுவே அடித்தளம். பறவைகள் கொண்டுவந்தன என்பது நிறுவப்படவில்லை. அந்தக் காய்ச்சல் பின்னாளில் முதுமலை, வயநாடு காடுகளிலும் தென்பட்டது.

பறவைக் காய்ச்சலைப் பொறுத்தவரை, 2005இல் சீனத்தின் சிங்ஹாய் ஏரியில் ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் இறந்தபோது வரித்தலை வாத்துகள் பெருமளவில் பலியாயின. கிருமியைத் தூக்கிச் செல்லக்கூடியவை என்பதோடு, அதனால் சாகக்கூடியவையும் அவைதாம். கோழிப்பண்ணை வணிகத்தின் பங்கை மறந்துவிட்டு வாத்தை மட்டும் குற்றம் சொல்வது ஒருதலைப்பட்சம்.

நம்ம சோலைக் குருவிக்குக்கூட கலர் வளையம் போட்டிருக்காங்களே, அது எங்கேயும் போகாதே?

போகாத பறவைக்கும் வளையம் பயன்படும். ஆயுளும் எல்லையும் தெரிய வேண்டுமல்லவா? நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் தரையோரம் வாழும், பெயரில் கிளி இருந்தாலும் குருவியான சோலைக்கிளியை மெல்லிய வலையில் பிடித்து ஆராய்ந்த வி. வி. ராபின் குழுவினர், பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ளவையும் தெற்கே உள்ளவையும் நெடுங்காலமாகவே பிரிந்துவிட்டன என்று மரபணுவால் காட்டினார்கள். குன்னூரின் பறவையும் கொடைக்கானலின் பறவையும் இன்று இரு வேறு இனங்களாகக் கொள்ளப்படுகின்றன. இமயத்தைத் தாண்டும் வாத்து ஒரு பக்கம். சுமார் நாற்பது கிலோமீட்டர் கணவாயைத் தாண்டாத குருவி மறுபக்கம்.

நாங்களே பிடிச்சு வளையம் போடலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையைப் பிடிப்பதே குற்றம். ஆய்வுக்கு என்றாலும் உரிய அனுமதி வேண்டும், பயிற்சியும் வேண்டும். வலையிலிருந்து ஒரு குருவியைச் சிறகு ஒடியாமல் எடுப்பது பார்த்துக் கற்றுக்கொள்ளும் வேலையன்று.

வருஷா வருஷம் செப்டம்பர்ல எங்க ஹட்டி ஓடையோரம் ஒரு வாலாட்டி வருது. அதே குருவிதானா அண்ணா?

அதே சாம்பல் வாலாட்டியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வாலாட்டிகள் குளிர்காலத்துக்கு ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதை வளையங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் உங்கள் வாலாட்டிக்கு வளையம் இல்லாதவரை, ஒன்று இறந்து, காலியான ஓடையை வேறொன்று பிடித்துக்கொண்டதா என்பதை அறிய வழியில்லை. முந்தைய பதிலின்படி நீங்களே பிடிக்கவும் கூடாது.

அது முதலில் கண்ணில் பட்ட நாளையும், கடைசியாகக் கண்ட நாளையும், காலில் ஊனமோ வெள்ளைச் சிறகோ இருந்தால் அதையும் ஆண்டுதோறும் எழுதி வாருங்கள். பறவைக் குறிப்புகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் இன்னும் நல்லது. என்றாவது ஒரு பயிற்சி பெற்ற குழு கோத்தகிரிப் பக்கம் அனுமதியோடு வந்தால், எந்த ஓடையில் முதலில் வலை கட்டலாம் என்று கேட்பார்கள். அப்போது காட்ட உங்கள் குறிப்பேடு உதவும்.